கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்: குழந்தைக்குத் திட்டமிடும் முன் தெரிந்துகொள்வோம்



சில மாதங்களுக்கு முன் அகரம்தென் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வாங்கி, உள்கடன் தவணை எழுதி முடித்து, தீர்மானப் புத்தகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரம். புதிதாகக் குழுவில் சேர்ந்த தங்கை ஒருத்தி, கல்யாணமாகி எட்டு மாதம், மெப்ஸில் தையல் வேலைக்குப் போகிறவள், தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, கர்ப்பப்பை கேன்சர் வராம இருக்க ஒரு ஊசி இருக்காமே? கம்பெனியில ஒரு பொண்ணு போட்டுக்கிச்சு. எங்க அத்தை வேணாங்கறாங்க. அதைப் போட்டா குழந்தை தங்காதாமே?"

யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. கூட்டம் கலைந்த பிறகு 44 வயதான இன்னொரு உறுப்பினர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். "எனக்குத் தீட்டு நின்னு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப மறுபடியும் படுது. உஷ்ணம்னு நெனைச்சு வெந்தயம் ஊறப்போட்டுக் குடிக்கிறேன். யார்கிட்ட சொல்றது?" என்றார்.

ஒருவர் கேட்டது வருமுன் காப்பதைப் பற்றி. மற்றவர் சொன்னது வந்துவிட்டதோ என்ற பயத்தை. இரண்டும் ஒரே நோயைப் பற்றியதுதான். அரசு மருத்துவர்களிடமும் நர்சம்மாக்களிடமும் கேட்டு, படித்து, நாங்கள் தெரிந்துகொண்டதை இந்த இதழின் உடல்நலப் பாடமாகத் தருகிறோம். குழுவில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள்.

கர்ப்பப்பை வாய் என்றால் என்ன?

நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். அதைத் தலைகீழாகப் பிடித்தால் கர்ப்பப்பை மாதிரி இருக்கும். சுருக்கு இருக்கும் இடம்தான் கர்ப்பப்பை வாய். மாதவிலக்கு வெளியே வருவது அதன் வழியாக. பிரசவத்தின்போது குழந்தை வருவதற்காக விரிந்து கொடுப்பதும் அதுதான்.

இந்த இடத்தில் வரும் புற்றுநோய்க்கு அநேகமாக எல்லாச் சமயத்திலும் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ் கிருமி. இதைக் கண்டுபிடித்துச் சொன்ன ஜெர்மனி விஞ்ஞானி ஹரால்டு சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இந்தக் கிருமி தாம்பத்திய உறவின் மூலம் தொற்றுகிறது. இதைக் கேட்டதும் "அப்படின்னா தப்பு செஞ்சவங்களுக்குத்தான் வருமா?" என்று நினைக்க வேண்டாம். கணவனைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்ணுக்கும் வரலாம். சளிக் கிருமி போல மிகவும் சாதாரணமாகப் பரவும் கிருமி இது. பெரும்பாலோர் வாழ்க்கையில் ஒரு முறையாவது தொற்றி, ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் போகாமல் தங்கிவிடுகிறது. அப்படித் தங்கிய கிருமி வாய்ப்பகுதியின் தோலை மெல்ல மெல்லக் கெடுத்துப் புற்றுநோயாக மாறப் பொதுவாக 10, 15 வருடங்கள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும்.

இந்த நீண்ட இடைவெளிதான் நமக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. பத்து வருடம் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துவிட்டு வருகிற நோய் வேறு எது? ஆனாலும் நாம் அந்த நோட்டீசைப் பார்ப்பதில்லை. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் 2022-ம் ஆண்டுக் கணக்குப்படி, நம் நாட்டில் அந்த ஒரு வருடத்தில் மட்டும் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு இந்த நோய் வந்தது. சுமார் 80 ஆயிரம் பேர் இறந்துபோனார்கள்.

திண்டுக்கல் பெண்கள் காட்டிய வழி

இந்த நோயை எளிய பரிசோதனையால் தடுக்க முடியும் என்று உலகத்துக்கே நிரூபித்துக் காட்டியவர்கள் நம்மைப் போன்ற கிராமத்துப் பெண்கள்தான். அதுவும் நம் தமிழ்நாட்டில்.

2000-ம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. ஒட்டன்சத்திரம் பக்கத்திலுள்ள அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையும், அடையாறு புற்றுநோய் நிலையமும், உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்தின. ஊர்களை 114 தொகுப்புகளாகப் பிரித்தார்கள். அதில் 57 தொகுப்புகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். பரிசோதனை செய்தவர்கள் பெரிய டாக்டர்கள் அல்ல. பயிற்சி பெற்ற நர்சுகள். தேவைப்பட்டவர்களுக்கு உடனே சிகிச்சையும் கொடுத்தார்கள்.

2007-ல் முடிவு வந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், அழைக்கப்படாத ஊர்களைவிட இந்த நோய் வருவது 25 சதவீதமும், இதனால் ஏற்படும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த பரிசோதனைக்கே இவ்வளவு பலன்!

இதில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு கணக்கும் இருக்கிறது. அழைக்கப்பட்டவர்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர். அதாவது 100 பேரில் 36 பேர் வரவே இல்லை. அவர்களும் வந்திருந்தால் இன்னும் எத்தனை உயிர் தப்பியிருக்கும்?

ஏன் வரவில்லை என்று யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூலி போய்விடும், வெட்கம், "எனக்கு ஒண்ணும் இல்லையே", வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ. நம் குழுக்களில் தினமும் கேட்கும் வார்த்தைகள்தான்.

பரிசோதனை எப்படி இருக்கும்?

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் 30 வயது தாண்டிய பெண்களுக்கு இந்தப் பரிசோதனையை இலவசமாகச் செய்கிறார்கள். ஆபரேஷன் இல்லை, மயக்க மருந்து இல்லை. பிரசவத்துக்குப் பார்ப்பது போலப் படுக்க வைத்து, நர்சம்மா ஒரு சிறு கருவி வைத்துக் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பார். பஞ்சில் நீர்த்த வினிகர் போன்ற அசிட்டிக் அமிலத்தைத் தொட்டுத் தடவுவார். ஒரு நிமிடம் காத்திருப்பார். கெட்டுப்போன இடம் இருந்தால் அது மட்டும் வெள்ளையாகத் தெரியும். எல்லாம் சேர்த்துச் சில நிமிட வேலை. கொஞ்சம் எரிச்சல் இருக்கலாம், அவ்வளவுதான்.

வெள்ளையாகத் தெரிந்தால் "கேன்சர்" என்று அர்த்தம் இல்லை. பயந்து வீட்டுக்கு ஓடிவிடாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, தேவைப்பட்டால் சிறு சதை எடுத்துச் சோதிப்பார்கள். புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்றால், அந்த இடத்தை மட்டும் குளிரவைத்தோ, சூடுவைத்தோ, மெல்லியதாக வெட்டியெடுத்தோ சரிசெய்துவிடலாம். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. பிறகு குழந்தையும் பெற்றுக்கொள்ளலாம்.

மாதவிலக்கு நாட்களிலும் கர்ப்பமாக இருக்கும்போதும் இந்தப் பரிசோதனையைச் செய்யமாட்டார்கள். பிரசவம் ஆகியிருந்தால் மூன்று மாதம் கழித்துச் செய்துகொள்ளலாம். முடிவு நன்றாக இருந்தாலும் ஒரு முறையோடு விட்டுவிடாமல், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை செய்துகொள்வது நல்லது.

தடுப்பூசி யாருக்கு?

எச்.பி.வி. தடுப்பூசி கிருமி உடம்பில் தொற்றுவதைத் தடுக்கிறது. ஏற்கெனவே தொற்றியிருக்கும் கிருமியை இது விரட்டாது. அதனால் கல்யாணத்துக்கு வெகுமுன்னே, 9 முதல் 14 வயதுக்குள் போடுவதே மிகவும் சிறந்தது. ஸ்காட்லாந்து நாட்டில் 12, 13 வயதில் முழுமையாக ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்த நோய் வரவில்லை என்று 2024-ல் அறிவித்தார்கள்.

நம் நாட்டிலேயே புனே சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவேக் என்ற ஊசிக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது. அதன்படி 9 முதல் 14 வயது வரை இரண்டு தவணை, 15 முதல் 26 வயது வரை மூன்று தவணை. மூன்று தவணை என்றால் இன்று ஒன்று, 2 மாதம் கழித்து ஒன்று, 6-வது மாதம் ஒன்று. உலக சுகாதார நிறுவனமோ 20 வயது வரை ஒரே தவணைகூடப் போதும், அதற்கு மேல் இரண்டு தவணை என்று 2022 டிசம்பரில் சொன்னது. உங்களுக்கு எத்தனை தவணை என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழக அரசு 2025 மார்ச் மாத பட்ஜெட்டில், 14 வயதுச் சிறுமிகளுக்கு இந்த ஊசியைப் படிப்படியாகப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. உங்கள் ஊரில் எப்போது, எங்கே என்று கிராம சுகாதார நர்சம்மாவிடம் கேளுங்கள். வயது தாண்டிய பிறகு தனியாரிடம் போட்டால் சில ஆயிரம் ரூபாய் செலவாகும்.

பயம் எங்கிருந்து வந்தது?

இந்த ஊசியைப் பற்றி நம் ஊரில் பயம் இருப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2009, 2010-ல் ஆந்திராவிலும் குஜராத்திலும் சிறுமிகளுக்குச் சோதனைத் திட்டமாக இந்த ஊசி போட்டார்கள். அந்தச் சமயத்தில் ஏழு சிறுமிகள் இறந்துபோனதாகச் செய்தி வந்தது. அரசு 2010-ல் திட்டத்தை நிறுத்தியது. விசாரித்தபோது பாம்புக்கடி, நீரில் மூழ்கியது போன்ற வேறு காரணங்கள் தெரியவந்தன. ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பு இல்லை என்றார்கள். ஆனால் பல சிறுமிகளின் தாய் தகப்பனிடம் முறையாக விளக்கிச் சம்மதம் வாங்கவில்லை என்பது உண்மை. அதை நாடாளுமன்றக் குழுவும் 2013-ல் கண்டித்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஊசியை வேண்டாம் என்று ஓட வேண்டியதில்லை. கேட்காமல் கையெழுத்தும் போட வேண்டியதில்லை. இது என்ன ஊசி, எத்தனை தவணை, ஏதாவது ஆனால் யாரிடம் வருவது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போடுவோம். வங்கிக் கடன் பத்திரத்தையே வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள் நாம்.

அதே சமயத்தில் அம்பிளிக்கை உட்பட இந்தியாவில் ஒன்பது இடங்களில் நடந்த வேறொரு ஆய்வும் 2010-ல் பாதியில் நின்றது. அதனால் பல பெண்களுக்கு ஒரே தவணைதான் கிடைத்தது. அவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து கவனித்தபோது, அந்த ஒரு தவணையே மிக நன்றாகக் காப்பது தெரியவந்தது. ஒரு தவணை போதும் என்று பிறகு உலக சுகாதார நிறுவனம் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் கேட்கும் கேள்விகள்

கேள்வி: ஊசி போட்டால் குழந்தை தங்காதா?

பதில்: அது வெறும் புரளி. இந்த ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது. கிருமியின் மேல் ஓட்டைப் போன்ற புரதம் மட்டும்தான் இருக்கிறது. 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் கோடிக்கணக்கான பெண்கள் போட்டிருக்கிறார்கள். குழந்தைப்பேறு பாதிக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை. உண்மையில் குழந்தைப் பாக்கியத்தைப் பறிப்பது அந்த நோய்தான். நோய் வந்துவிட்டால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வரலாம், ரேடியேஷன் கொடுக்க வேண்டி வரலாம்.

கேள்வி: ஊசி போட்ட பிறகு எத்தனை நாள் குழந்தையைத் தள்ளிப்போட வேண்டும்?

பதில்: இந்த ஊசிக்கு அப்படி ஒரு கெடு கிடையாது. ரூபெல்லா ஊசி போட்டால் ஒரு மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள். அது உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த ஊசி. பலரும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். முடிந்தால் எல்லாத் தவணையையும் முடித்துவிட்டுக் குழந்தைக்குத் திட்டமிடலாம். ஆனால் ஊசிக்காகவே குழந்தையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

கேள்வி: முதல் தவணை போட்ட பிறகு கர்ப்பம் என்று தெரிந்தால்?

பதில்: பயப்பட வேண்டாம். குழந்தைக்குக் கெடுதல் வந்ததாகத் தெரியவில்லை. கர்ப்பத்தைக் கலைக்கக் கூடவே கூடாது. மீதித் தவணையைப் பிரசவம் வரை நிறுத்திவைத்து, பிறகு விட்ட இடத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. கர்ப்பம் என்று தெரிந்தபின் புதிதாக இந்த ஊசியைத் தொடங்கமாட்டார்கள்.

கேள்வி: தாய்ப்பால் கொடுக்கும்போது?

பதில்: போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: கல்யாணமான பிறகு போட்டுப் பயன் உண்டா?

பதில்: சிறுவயதில் போடும் அளவு பலன் இருக்காது. ஆனாலும் இன்னும் தொற்றாத கிருமி வகைகளிலிருந்து காப்பாற்றும். 26 வயதுக்குள் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யலாம். 30 வயது தாண்டியவர்கள் ஊசிக்குச் செலவழிப்பதைவிட முதலில் இலவசப் பரிசோதனையைச் செய்துகொள்வதே புத்திசாலித்தனம்.

கேள்வி: ஊசி போட்டாச்சு, பரிசோதனை வேண்டாம் அல்லவா?

பதில்: வேண்டும். எல்லா வகை எச்.பி.வி.யையும் ஊசி தடுக்காது. 30 வயதானதும் பரிசோதனை அவசியம்.

கேள்வி: பக்கவிளைவு என்ன?

பதில்: கையில் வலி, வீக்கம், லேசான காய்ச்சல். சிலருக்குத் தலைசுற்றல் வரும். அதனால் போட்டபின் 15 நிமிடம் உட்கார்ந்திருந்து கிளம்ப வேண்டும். முன்பு ஏதாவது ஊசிக்குக் கடுமையான அலர்ஜி வந்திருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

இந்த அறிகுறிகளை உஷ்ணம் என்று விட்டுவிடாதீர்கள்

தீட்டு நின்றுபோன பிறகு மறுபடி இரத்தம் படுதல், இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் படுதல், கணவனுடன் சேர்ந்த பிறகு படுதல், துர்நாற்றத்துடனோ இரத்தம் கலந்தோ வெள்ளைப்படுதல், காரணம் இல்லாத இடுப்புவலி, அடிவயிற்று வலி. இவற்றில் எது இருந்தாலும், எந்த வயதானாலும், முகாமுக்குக் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.

நமக்குப் பக்கத்தில் எங்கே போவது?

முதலில் நம் ஆரம்ப சுகாதார நிலையம். மேல் பரிசோதனைக்குத் தாம்பரம் சானடோரியத்தில் 2025 ஆகஸ்டில் திறந்த மாவட்டத் தலைமை மருத்துவமனை, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சிகிச்சைக்குக் காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் ஆகியவை இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் புற்றுநோய் சிகிச்சைக்கு உதவும். கையில் எடுத்துப் போங்கள். சந்தேகம் கேட்க 104-க்குப் போன் செய்யலாம்.

சானடோரியம் என்றாலே ஊரார் பயந்த காலம் ஒன்று இருந்தது. 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கிய இடம் அது. அந்த நோயின் பெயரைச் சொல்லவே வெட்கப்பட்டு மறைத்தார்கள். இன்று டி.பி. என்று சாதாரணமாகச் சொல்லி மாத்திரை வாங்கிக் குணமாகிறார்கள். கர்ப்பப்பை வாயைப் பற்றியும் அப்படிப் பேசப் பழகுவோம்.

அந்த இரண்டு பேர்

44 வயது சகோதரியை அடுத்த திங்கட்கிழமையே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். சோதனையில் புற்றுநோய் என்று தெரிந்தது. நல்லவேளை, ஆரம்ப நிலை. ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இப்போது தேறி வருகிறார். பார்க்கப் போனபோது ஒன்று சொன்னார்: "ரெண்டு தடவை முகாமுக்குக் கூப்பிட்டாங்க. ஒரு நாள் கூலி போயிடும்னு போகல. இப்ப மூணு மாசக் கூலி போச்சு. உயிர் போகாம இருந்துச்சே, அது போதும்."

அவருடைய ஆஸ்பத்திரிச் செலவுக்குக் குழு உள்கடன் கொடுத்தது. அந்தப் பணத்தை எடுத்துக் கொடுக்கப் போனவர்களில் புதுப்பெண்ணின் மாமியாரும் ஒருவர். வரும் வழியில் ஷேர் ஆட்டோவில் எங்களிடம் சொன்னார்: "எம் மருமகளை நானே கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட கேக்கறேன். நானும் அந்தப் பரிசோதனையைப் பண்ணிக்கறேன்." இருவரும் போனார்கள். மருமகள் முதல் தவணை போட்டுக்கொண்டாள். மாமியாருக்குப் பரிசோதனை முடிவு நன்றாக இருந்தது.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் 30 வயது தாண்டியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் பரிசோதனை செய்துகொண்டவர்கள் எத்தனை பேர்? பெயர் எழுதாமல் எண்ணிக்கையை மட்டும் எழுதிக்கொள்வோம்.

2. நம் வீடுகளில் 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகள் யார் யார்? தடுப்பூசி பற்றி நர்சம்மாவிடம் விசாரிக்கப் போவது யார்?

3. பரிசோதனைக்குத் தனித்தனியாகப் போகாமல் ஐந்து பேராகச் சேர்ந்து போக எந்த நாள் வசதி? அன்று பிள்ளைகளையும் அடுப்பையும் பார்த்துக்கொள்ளப் போவது யார்?

4. கல்யாணமாகி வரும் மருமகள்களுக்கு இந்தப் பாடத்தை யார் சொல்வது?

முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். திண்டுக்கல்லில் 100 பேரில் 36 பேர் வரவில்லை. நம் பகுதியில் அந்த 36 பேரையும் கைபிடித்துக் கூட்டிப்போக நாம் இருக்கிறோம்.